இளையராஜாவுக்கு ஏன் இத்தனை ஃபோல்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பின் தொழில்நுட்பப் பக்கத்தில், கம்ப்யூட்டரில் கன்னாபின்னாவென்று கிடக்கும் பாட்டுகளைத் தானாகவே ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து அடுக்கித் தரும் மென்பொருள்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பட்டனை அழுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் எல்லாம் ஒழுங்காகியிருக்கும் என்கிறது கட்டுரை. எழுதியவர் ஆங்கிலப் பாட்டு மட்டும் கேட்பவர் போலிருக்கிறது. தமிழ் சினிமாப் பாட்டுகளை வைத்துக்கொண்டு அந்தப் பட்டனை அப்படியே அழுத்தினால் டீ ஆறிப்போகும், வயிறும் எரியும்.

நான் கேசட் காலத்தில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன். பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொண்டுவந்து கொடுத்து, 60 நிமிடமா 90 நிமிடமா என்று கேசட்டைச் சொல்லிவிட்டுப் போவார்களே, அந்த மாதிரிக் கடை. அப்புறம் எம்பி3 சிடி வந்தது, அதற்கப்புறம் மெமரி கார்டு, இப்போது கடையே இல்லை. ஆனாலும் தெரிந்தவர்கள் கார் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு இன்னமும் வீட்டுக்கு வருகிறார்கள். கட்டுரை வந்த பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே புகார்தான். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், வெட்டிப் போட்டாலும் சரி, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் பற்றிச் சொல்லும் இடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

மென்பொருளுக்குப் பாட்டு தெரியாது. அது பார்ப்பதெல்லாம் எம்பி3 கோப்புக்குள் இருக்கும் டேக் என்ற விவரச் சீட்டைத்தான். 1996இல் எரிக் கெம்ப் என்பவர் இதைக் கொண்டுவந்தபோது கோப்பின் கடைசியில் 128 பைட் இடம், அவ்வளவுதான். ஒரு பைட் என்றால் ஒரு ஆங்கில எழுத்துக்கான இடம். பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, என்ன வகைப் பாட்டு என்பதற்கு ஒரே ஒரு பைட். இசையமைப்பாளருக்கு இடமே இல்லை, பாடலாசிரியருக்கும் இல்லை. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பில் இருவருக்கும் தனித்தனிக் கட்டம் ஒதுக்கினார்கள், அட்டைப் படம் வைக்கவும் வழி வந்தது. வந்து என்ன பிரயோஜனம், நிரப்புவதற்கு ஆள் இல்லையே. உங்களிடம் இருக்கும் எம்பி3களில் கைக்கு வந்த பத்தைத் திறந்து பாருங்கள். இசையமைப்பாளர் கட்டம் காலியாக இருக்கும், இல்லாவிட்டால் அவர் பெயர் பாடகர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். எழுதியது கண்ணதாசனா வாலியா நா. முத்துக்குமாரா என்று எந்தக் கட்டமும் சொல்லாது.

இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மென்பொருள் என்ன செய்கிறது? பெரும்பாலானவை முதலில் ஆர்ட்டிஸ்ட் பெயரில் ஒரு ஃபோல்டர் போடும், அதற்குள் ஆல்பம் பெயரில் இன்னொன்று, அதற்குள் பாட்டுகள். மேல்நாட்டு வழக்கத்துக்கு அது பொருந்தும். ஒரு குழு இருக்கும், அவர்கள் ஒரு ஆல்பம் போடுவார்கள், பத்துப் பாட்டையும் அவர்களே பாடியிருப்பார்கள். நம் கதை அப்படியா? எண்பதுகளில் வந்த ஏதாவதொரு இளையராஜா படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு எஸ்.பி.பி. தனியாக, ஒன்று எஸ்.பி.பி.யும் ஜானகியும் சேர்ந்து, ஒன்று ஜேசுதாஸ், ஒன்று மலேசியா வாசுதேவன், டைட்டில் பாட்டு ராஜாவே பாடியது. மென்பொருள் என்ன செய்யும் தெரியுமா, ஐந்து பாட்டையும் ஐந்து பேர் வீட்டுக்கு அனுப்பிவிடும். எஸ்.பி.பி. ஃபோல்டருக்குள் அந்தப் படத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரே ஒரு பாட்டு. ஜேசுதாஸ் ஃபோல்டருக்குள் அதே படத்தின் பெயரில் இன்னொன்று, அதற்குள்ளும் ஒரே ஒரு பாட்டு. டூயட்டுக்குத் தனி ஃபோல்டர், அதிலும் எஸ்.பி.பி. பெயர் முதலில் இருந்தால் ஒன்று, ஜானகி பெயர் முதலில் இருந்தால் வேறொன்று.

இன்னும் சில மென்பொருள்கள் கொஞ்சம் யோசிக்கும். ஒரே ஆல்பத்தில் பல பாடகர்கள் இருக்கிறார்களா, அப்படியென்றால் இது கதம்பம் என்று முடிவுகட்டி, வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுபோய்க் கொட்டும். தமிழ் சினிமாவில் எல்லாப் படமும் கதம்பம்தான். ஆக மொத்தத் தொகுப்பும் அந்த ஒரு ஃபோல்டருக்குள் போய்ச் சேரும், அடுக்கியதற்கு அடுக்காமலே விட்டிருக்கலாம்.

இதற்கு மேல் ஸ்பெல்லிங் கூத்து. டேக்குகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. இளையராஜா பெயரை எழுத எத்தனை வழி உண்டோ அத்தனையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் பார்க்கலாம். எல் ஒன்றா இரண்டா, அதற்கு முன்னால் இருப்பது ஐ எழுத்தா ஈ எழுத்தா, நடுவில் ஒய் மட்டுமா அதற்கு முன்னே இன்னொரு ஐ உண்டா, ராஜாவில் ஏ ஒற்றையா இரட்டையா. ஏ.ஆர். ரஹ்மானுக்குப் புள்ளி வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று, புள்ளிக்குப் பிறகு இடம் விட்டு ஒன்று. நமக்கு எல்லாம் ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு ஆட்கள். போதாததற்குப் பாட்டை இறக்கிய இணையதளத்தின் முகவரி பாட்டின் பெயரில், படத்தின் பெயரில், பாடகர் பெயரில், அட்டைப் படத்தில்கூட முத்திரை குத்தியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் அடுக்கி முடித்த பிறகு மிகப் பெரிய ஃபோல்டர் யார் பெயரில் இருந்தது என்று பார்த்தால், எம்.எஸ்.வி.யும் இல்லை, ராஜாவும் இல்லை, ஒரு திருட்டு இணையதளம்.

சரி, என்ன செய்யலாம்? ஃபோல்டரைத் தொடுவதற்கு முன்னால் டேக்கைச் சரிசெய்ய வேண்டும், இதைத்தான் கட்டுரை சொல்லவே இல்லை. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்று ஒரு கட்டம் இருக்கிறது, ஆர்ட்டிஸ்ட் கட்டத்திலிருந்து வேறானது. பாடியவர்களின் பெயரை ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் விடுங்கள். சினிமாப் பாட்டு என்றால் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள், படத்தின் எல்லாப் பாட்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங்கில். இது ஒன்றைச் செய்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அடுக்கும் மென்பொருள்கள் முதலில் தேடுவது இந்தக் கட்டத்தைத்தான், அது காலியாக இருந்தால்தான் பாடகர் பக்கம் போகும். விண்டோஸில் எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு படத்தின் பாட்டுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, இடது பக்கக் கட்டத்தில் ஒரு தடவை எழுதிச் சேமித்தால் எல்லாக் கோப்புக்கும் போய்விடும். இணையதள முத்திரையையும் அதிலேயே மொத்தமாக அழிக்கலாம், எந்தச் சொல்லை எடுத்துவிட்டு என்ன போட வேண்டும் என்று ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும்.

அடுத்தது ஃபோல்டருக்கான வாய்பாடு. முதலில் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் போட்ட இசையமைப்பாளர், அதற்குள் ஆண்டும் படத்தின் பெயரும் சேர்ந்து ஒரு ஃபோல்டர், அதற்குள் வரிசை எண்ணோடு பாட்டு. எம்பி3டேக், மியூசிக்பீ, பிகார்ட், கறுப்புத் திரையில் கட்டளை தட்டத் தெரிந்தவர்களுக்கு பீட்ஸ், எல்லாவற்றிலும் இந்த வரிசையை நாமே எழுதிக் கொடுக்கலாம். அவர்கள் தரும் வாய்பாட்டை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

ஆண்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு பில்லா. 1980இல் எம்.எஸ்.வி. இசையில் ஒன்று, 2007இல் யுவன் சங்கர் ராஜா இசையில் ஒன்று. இரண்டிலும் 'மை நேம் இஸ் பில்லா' உண்டு, 'வெத்தலையைப் போட்டேண்டி'யும் உண்டு. படத்தின் பெயரை மட்டும் வைத்து அடுக்கினால் இரண்டும் ஒரே ஃபோல்டருக்குள் போய், ஒரே பெயரில் மோதும். சில மென்பொருள் இரண்டாவதற்குப் பக்கத்தில் ஒரு எண் போட்டு வைக்கும், சில ஒன்றை அழித்துவிட்டு அதன்மேல் மற்றதை எழுதிவிடும், எது போனது என்று நீங்கள் கேட்டுப் பார்க்கும் வரை தெரியாது. விக்ரம் 1986இல் இளையராஜா, 2022இல் அனிருத். ஆயிரத்தில் ஒருவன் 1965இல் விஸ்வநாதன்-ராமமூர்த்தி, 2010இல் ஜி.வி. பிரகாஷ்குமார். பழைய தலைப்பைத் திரும்ப எடுப்பதில் நம் ஆட்களுக்கு அலுப்பே கிடையாது, அதனால் ஆண்டு கட்டாயம். ஒரு தொல்லை, டேக்கில் இருக்கும் ஆண்டையும் நம்ப முடியாது. படம் வந்த ஆண்டுக்குப் பதிலாக சிடி போட்ட ஆண்டு இருக்கும், அல்லது இணையத்தில் ஏற்றிய ஆண்டு இருக்கும். 1976இல் வந்த அன்னக்கிளிக்கு இந்த நூற்றாண்டின் ஆண்டு போட்ட கோப்பை நானே பார்த்திருக்கிறேன்.

இரட்டையர்களை எங்கே வைப்பது என்று ஒரு சண்டை எப்போதும் வரும். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965 வரை சேர்ந்து இசையமைத்தார்கள், அதற்கப்புறம் எம்.எஸ்.வி. தனியாக. நான் இரண்டு ஃபோல்டராகத்தான் வைப்பேன். எல்லாம் எம்.எஸ்.வி.தானே, ஒன்றாகப் போடு என்று கேட்பவர்களிடம், ராமமூர்த்தி அண்ணன் என்ன பாவம் செய்தார் என்று திருப்பிக் கேட்பேன். மெல்லத் திறந்தது கதவு மாதிரி எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் சேர்ந்து செய்ததை எங்கே வைத்தாலும் ஒருவர் கோபித்துக்கொள்வார், உங்கள் இஷ்டம்.

பாட்டைக் கேட்டே கண்டுபிடிக்கும் மென்பொருளும் உண்டு, அதையும் உங்கள் கட்டுரை பாராட்டியிருந்தது. பிகார்ட் அப்படிப்பட்டதுதான். பாட்டின் முதல் இரண்டு நிமிடத்தை வைத்து ஒரு ஒலிக் கைரேகை எடுத்து, இணையத்தில் இருக்கும் அக்கவுஸ்ட்ஐடி என்ற தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, இது இன்ன பாட்டு என்று மியூசிக்பிரெய்ன்ஸிலிருந்து விவரத்தை எடுத்துவந்து நிரப்பும். 'டிராக் 07' என்று பெயர் வைத்த கோப்பைக்கூட அடையாளம் கண்டுவிடும், பார்க்கும்போது மாயாஜாலம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தத் தரவுத்தளத்தில் ஒருவர் ஏற்றியிருந்தால்தான் கிடைக்கும். ஏற்றுபவர்கள் நம்மைப் போன்ற தன்னார்வலர்கள். ரோஜாவுக்குப் பிறகு வந்த ரஹ்மான் பாட்டுகள் நன்றாகவே கிடைக்கின்றன. கே.வி. மகாதேவன், ஜி. ராமநாதன் காலத்துக்குப் போனால் பாதிக்கு மேல் கையை விரித்துவிடும், முருகன் பாட்டு அம்மன் பாட்டுக்கெல்லாம் கேட்கவே வேண்டாம்.

கண்டுபிடித்தாலும் இன்னொரு வம்பு. ஒரே பாட்டு படத்தின் ஆல்பத்திலும் இருக்கும், எஸ்.பி.பி. ஹிட்ஸ், காதல் பாடல்கள், மழைப் பாடல்கள் என்று வந்த தொகுப்புகளிலும் இருக்கும். பிகார்டுக்கு எல்லாம் சமம், அது தன் போக்கில் ஏதாவதொரு தொகுப்பின் பெயரை ஆல்பம் என்று எழுதிவைக்கும். கொஞ்ச நேரத்தில் உங்கள் படம் உடைந்து மழைக்குக் கொஞ்சம் காதலுக்குக் கொஞ்சம் என்று போய்விடும். அதன் அமைப்புகளில் எந்த வகை வெளியீட்டுக்கு முன்னுரிமை என்று கேட்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே சவுண்ட்டிராக் (படத்தின் ஆல்பம்) என்பதை ஏற்றி, கம்பைலேஷன் (தொகுப்பு) என்பதைக் குறைத்து வைக்க வேண்டும். இந்த ஒரு வரியை உங்கள் கட்டுரையில் சேர்த்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

கர்நாடக சங்கீதம் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன வாய்பாட்டைத் தயவுசெய்து தொடாதீர்கள். சினிமாவில் இசையமைப்பாளர் முதலில், கச்சேரியில் பாடியவர் முதலில். அங்கே இசையமைப்பாளர் கட்டத்தில் தியாகராஜர் பெயர் இருக்கும், முத்துசுவாமி தீட்சிதர் பெயர் இருக்கும். அந்தப் பெயரையே சினிமா மாதிரி ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கட்டத்திலும் போட்டு அடுக்கினால் செம்மங்குடி பாடியது, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியது, மதுரை சோமு பாடியது எல்லாம் தியாகராஜர் ஃபோல்டருக்குள் போய் மொத்தமாக உட்கார்ந்துகொள்ளும், யார் கச்சேரி எது என்று பிரிக்க ஒரு ஆயுசு போதாது. வரிசை எண் இல்லாத கச்சேரிப் பதிவு என்றால் அகர வரிசையில் நின்றுவிடும். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிய வேண்டிய கச்சேரியில், மங்களம் நடுவில் வந்து நிற்கும், அதற்கப்புறம் ராகம் தானம் பல்லவி. ராகத்துக்கு என்று டேக்கில் தனிக் கட்டம் கிடையாது. எம்பி3டேக்கில் நாமே ராகம் என்று புதுக் கட்டம் சேர்த்துக்கொள்ளலாம், எல்லா பிளேயரும் அதைக் காட்டாது என்பது வேறு விஷயம். அதனால் சினிமாவுக்கு ஒரு பெரிய ஃபோல்டர், கர்நாடகத்துக்கு ஒன்று, பக்திப் பாட்டுக்கு ஒன்று என்று முதலில் கையாலேயே பிரித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாய்பாடு கொடுப்பதுதான் வழி. தானாக எல்லாம் நடக்கும் என்பது இந்த இடத்தில் நடக்காது.

பழைய கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம் கேசட்டுகளில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறு படம் என்று நிறைய வந்தன. அதை ஒரே ஆல்பமாக மாற்றி வைத்திருந்தால் இரண்டு படத்தின் பெயரும் சேர்ந்து ஒரு ஃபோல்டராகும், இரண்டுக்கும் இசை வேறு ஆள் என்றால் இன்னும் குழப்பம். முதலில் பக்கவாரியாகப் பிரித்துவிடுங்கள். கேசட்டுக்குள் மடித்து வைத்திருக்கும் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், டேக் நிரப்ப அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. படம், இசை, பாடல், பாடியவர்கள் என்று எல்லாம் அதில் இருக்கும், டூயட்டில் கோரஸ் உண்டா என்பது வரை.

தமிழில் டேக் எழுதலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் பதிப்பு டேக்கில் முடியாது, இரண்டாம் பதிப்பில் எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடில் தாராளமாக எழுதலாம், ஃபோனில் அழகாகத் தெரியும். ஃபோல்டர் பெயரில்தான் சிக்கல். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும், கொ என்ற எழுத்து உள்ளே க ஒன்று, ஒகரக் குறி ஒன்று என்று இரண்டு குறியீடு, ஆக 6 பைட். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது, அதாவது 85 குறியீடுதான். பாட்டின் முதல் அடியோடு பாடியவர்கள் பெயரையும் சேர்த்து எழுதினால் நடுவில் அறுந்துவிடும். விண்டோஸுக்குக் கேள்விக்குறி பிடிக்காது, ஃபோல்டர் பெயர் புள்ளியில் முடிந்தாலும் பிடிக்காது, எம்.எஸ்.வி. என்று எழுதினால் கடைசிப் புள்ளியை அது விழுங்கிவிடும். பல கார் ஸ்டீரியோக்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லாம் தமிழில் வைத்துக்கொண்டு, காருக்கு எடுத்துப்போகும் பென் டிரைவுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் ஒரு நகல் போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்வது. காரில் இப்படி என்றால் அது கார் செய்பவன் குறை, அதற்காக வீட்டில் ஏன் தமிழை விட வேண்டும்?

இதெல்லாம் எதற்கு, ஆப்பில் கேட்டுவிட்டுப் போகலாமே என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். ஆப்பில் இன்று இருக்கும் பாட்டு உரிமம் முடிந்தால் நாளைக்கு இருக்காது. அங்கேயும் டேக் யோக்கியதை ஒன்றும் பெரிதாக இல்லை. இசையமைப்பாளர் பெயரையும் பாடியவர் பெயரையும் ஒரே வரியில் கமா போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள், பாடலாசிரியர் எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பாட்டு உரிமை வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு இது ஒரு பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கேசட் அட்டையில் அச்சடித்த அதே விவரத்தை அதற்கான கட்டத்தில் போட்டுக் கொடுத்தால் போதும். உங்கள் பத்திரிகை அவர்களிடம் இதைக் கேட்டு எழுதலாமே. நாங்கள் கடிதம் போட்டால் பதில் வராது, நீங்கள் கேட்டால் ஒருவேளை வரும்.

கடைசியாக, கட்டுரையாளர் மறந்த ஒரு விஷயம், அவசரமும் அதுதான். அடுக்கும் மென்பொருளில் பாட்டுகளை நகர்த்து, நகலெடு என்று இரண்டு தேர்வு இருக்கும். நகலெடு என்பதில் வைத்து, வேறொரு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு மூன்று படத்தை மட்டும் கொடுத்து முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்லி அடுத்த ஞாயிறே ஒரு பெட்டிச் செய்தி போட்டுவிடுங்கள். போன வாரம் கட்டுரையைப் படித்துவிட்டு நேராக நகர்த்து என்று கொடுத்தவர்கள் மூன்று பேர் தங்கள் ஹார்ட் டிஸ்க்கை என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் காபிகூடக் குடிக்கவில்லை, அவ்வளவு கோபம்.

இப்படிக்கு,
பழைய ரெக்கார்டிங் கடைக்காரன்,
திருச்சி